மிதிவண்டி மாதாவும் அதியமான் பெருவழியும்

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கே, லாந்த் மாவட்டத்தில், லாபஸ்தீத் தார்மஞாக் என்றொரு சிற்றூர் உண்டு. 1291ஆம் ஆண்டில் எழுந்த ஊர். நடுவே சதுரமான சந்தைத் திடல். அதனைச் சூழ, வளைவுத் தாழ்வாரங்களோடு கூடிய பழைய வீடுகள். ஊரை விட்டுச் சற்று விலகி, வயல்களுக்கும் மரங்களுக்கும் இடையே ஒரு சின்னஞ்சிறு கோயில் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே காலடி வைத்தவர் ஒருகணம் திகைத்துப்போவர். சுவரெங்கும் தொங்குவன சட்டைகள்! மஞ்சளும் பச்சையும் பலவண்ணக் கோடுகளுமாய், சைக்கிள் பந்தய வீரர்கள் அணிந்து, வியர்வை சிந்தி, வெற்றி பெற்றபின் தேவமாதாவுக்குக் காணிக்கையாக விட்டுச்சென்ற சட்டைகள். நம் வேளாங்கண்ணியில் வெள்ளிக் கால்களும் தொட்டில்களும் காணிக்கையாகக் குவிவது போல, அங்கே சட்டைகளும் பழைய மிதிவண்டிகளும் குவிந்து கிடக்கின்றன. 'மிதிவண்டி வீரர்களின் மாதா' என்பதே அக்கோயிலின் பெயர்.

பாழடைந்து கிடந்த அந்தக் கோயிலுக்கு இப்பெயரைத் தேடித்தந்தவர் ஒரு பங்குக் குரு. ஜோசப் மாசி என்பது அவர் பெயர். சைக்கிளில் தீராத ஆர்வமுடையவர். இத்தாலி நாட்டில் கிசாலோ என்னும் மலையுச்சியில் உள்ள மாதாவை, 1949ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மிதிவண்டியோரின் பாதுகாவலியாக அறிவித்திருந்தார். அந்தத் திருத்தலத்தைக் கண்டு வந்த மாசி அடிகளார், பிரான்சிலும் இப்படியொன்று ஏன் இருத்தலாகாது எனக் கேட்டார். 1959 மே 18ஆம் நாள், பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அனுமதி தந்தருளினார். பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை ஐந்துமுறை வென்ற ஆங்கெத்தில் போன்றோரின் சட்டைகள் அங்கே உள்ளன. 1973இல் அப்பந்தயத்தை வென்ற லூயிஸ் ஒக்கான்யா தம் திருமணத்தையே அக்கோயிலில்தான் நிறைவேற்றினார். சன்னல்களின் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களுக்கு வடிவம் தந்தவரும் ஆங்கிலாத் என்னும் பழைய பந்தய வீரரே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், அந்நாட்டுக் கிராமப் பங்கொன்றில் உதவிப் பணிக்குச் சென்றிருந்தபோது இக்கோயிலைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது. பங்குத்தந்தையின் பழைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மாலைதோறும் ஊர் ஊராய்ச் சுற்றினேன். அங்கே நெடுஞ்சாலை வேறு, மாவட்டச் சாலை வேறு. மாவட்டச் சாலைகள் குறுகியவை. பல இடங்களில் இருபுறமும் மரவரிசை. நாலைந்து கி.மீ. சென்றால் தொலைவில் ஒரு மணிக்கூண்டு தலைகாட்டும். அதுதான் அடுத்த ஊர். தாகமெடுத்தால் எங்கே தண்ணீர் பிடிப்பார்கள் தெரியுமா? கல்லறைத் தோட்டத்தில்! பூச்செடிகளுக்கு நீர் வார்ப்பதற்காக ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்கும். மிதிவண்டிக்காரர்கள் அங்கே இறங்கி, தொப்பியைக் கழற்றி, புட்டியை நிரப்பிக்கொண்டு போவார்கள். இறந்தோர் உயிரோடிருப்பவருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தாற்போன்ற அக்காட்சி என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

சைக்கிளின் பிறப்பு வரலாறு பலரும் அறிந்ததே. 1817இல் ஜெர்மானியரான டிரைஸ், காலால் உந்தித்தள்ளும் இருசக்கர வண்டியைச் செய்தார். 1860களில் பாரீசில் அதற்கு மிதிகட்டை பூட்டினார்கள். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். 1903இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயம் தொடங்கியது. அது ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கச் செய்த ஏற்பாடு என்பது தனிக்கதை.

ஆயினும் பந்தய வீரர்களுள் ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தாலியரான ஜீனோ பார்த்தலி 1938இலும் 1948இலும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வென்றவர். ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். இடையே போர்க்காலம். 1943-44இல், பிளாரன்ஸ் நகரக் கர்தினால் தல்லா கோஸ்தாவின் வேண்டுகோளுக்கிணங்கி, யூதர்களின் உயிர்காக்கும் போலி அடையாளச் சான்றுகளைத் தம் சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி மறைத்து, ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்த்தார். வழிமறித்த படைவீரர்களுக்கோ, பயிற்சிக்காகச் செல்லும் புகழ்பெற்ற வீரராகவே அவர் தோன்றினார். உயிரோடிருந்தவரை இதைப்பற்றி அவர் பெருமை பேசவில்லை. அவர் இறந்து 13 ஆண்டுகள் கழிந்தபின், 2013இல்தான் யூத மக்களின் நினைவு நிறுவனம் அவருக்கு உரிய மரியாதையை அளித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் தருமபுரிப் பகுதிக்கு விசுவாசம் வந்த வழி, சாலை வழியே. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் மறைத்தளத்தின் சேசு சபைக் குருக்கள் கால்நடையாகவே இப்பக்கங்களில் திரிந்தனர். 1773இல் அச்சபை கலைக்கப்பட்டபின், பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் பொறுப்பேற்றனர். அவர்கள் குதிரையிலும் மாட்டுவண்டியிலும் வந்தனர். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக அமர்ந்தவரும் அச்சபையினரான புரூனியே ஆண்டகையே. 1997இல் நம் தருமபுரி மறைமாவட்டம் தனியாகப் பிறந்தது. இவ்வளவு நெடிய வரலாற்றில் சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு. அதனை எழுதிவைத்தவர்தாம் எவருமில்லை. பூசைப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, டைனமோ விளக்கு மினுங்க, மாதத்துக்கு ஒருமுறை கிளைக் கிராமத்துக்கு வந்த உபதேசியாரை என் வயதையொத்தவர்கள் மறந்திருக்க முடியாது. அவர் வருகையை நாய்கள் முதலில் அறிவிக்கும், பிறகு நாங்கள்.

நான் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே சென்று வந்தேன். ஏழு கிளைக் கிராமங்கள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று கணக்கிட்டுப் பறந்தேன். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அடுத்த ஊர்த் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று விரைந்துகொண்டிருந்தேன். கிராமத்துச் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கையை உயர்த்தினார். வணக்கம் சொல்கிறார் என்றெண்ணி, நானும் கையை உயர்த்திவிட்டு வேகம் குறையாமல் போய்விட்டேன். அவர் உயர்த்திய கை வணக்கம் அன்று. வீட்டுக்குள் அவருடைய தாயார் இழுத்துக்கொண்டு கிடந்தார். செல்பேசியில் அழைத்திருக்கிறார், வண்டி ஓசையில் என் காதில் விழவில்லை. அன்றிரவே, நோயில் பூசுதல் பெறாமலே அந்த அம்மா கண்ணை மூடினார். அடக்கத் திருப்பலிக்கு வந்த மகன் என்னை ஏசவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் ஞாயிறு தோறும் கோயிலுக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார், நான் வாசலுக்கு வருமுன் போய்விடுவார்.

அடுத்த மாதம் பழைய ஹெர்குலிஸ் ஒன்றை வாங்கினேன். தொலைவான ஊர்களுக்கு மோட்டார் வண்டி இன்றியமையாதது. அதை நான் கைவிடவில்லை. ஆனால் புதனும் சனியும், பத்து கி.மீ.க்கு உட்பட்ட ஊர்களுக்கெல்லாம் சைக்கிள்தான். முதல் வாரம் முழங்கால் வலி உயிரை வாங்கியது. இருக்கை மிகத் தாழ்ந்திருந்ததே காரணம் எனப் பின்னர் அறிந்தேன். மிதிகட்டை கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். நம்மவர் பெரும்பாலோர் தரையில் கால் எட்ட வேண்டுமென்று இருக்கையை இறக்கிவைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வலி நீங்கியபின் வேறொன்று புலப்பட்டது: என்னை எல்லாரும் நிறுத்துகிறார்கள்! கேழ்வரகுக் களத்திலிருந்து ஒரு பாட்டி, திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து செய்தி இல்லையென்று ஒரு தந்தை, கணக்குப் பாடம் புரியவில்லையென்று ஒரு சிறுவன்.

இதைக் கண்ட பங்கு இளைஞர் சிலர், "சாமி, எல்லாரும் சேர்ந்து ஒகேனக்கல் வரைக்கும் சைக்கிள்ல போலாமா?" என்று கேட்டார்கள். நெடுஞ்சாலை வேண்டாம் என்பதே நான் விதித்த முதல் நிபந்தனை. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் மோதிக் குடும்பங்கள் சிதைந்த செய்தியைக் கேளாத ஆண்டு நமக்கு உண்டோ? பெண்பிள்ளைகளும் வரவேண்டும் என்பது இரண்டாவது. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவியர்க்கு இலவச சைக்கிள் கிடைத்துவருகிறதே. அது வீட்டில் யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டாமா? 1991-92இல் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் சைக்கிள் கற்றபோது, கேலி பேசாத ஆண்களே இல்லை. பிறகு அதே பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் விளைபொருளையும் ஏற்றிச்சென்றதைக் கண்டு வாயடைத்தார்கள். முப்பது ஆண்டுக்குமேல் ஆகியும், நம் பங்கில் ஒரு தந்தை, "பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேங்க சாமி" என்றார். அவர் கவலை மகளைப் பற்றியது மட்டுமன்று. அந்தச் சைக்கிளில்தான் அவர் விடியற்காலையில் பால் கேன் கொண்டுபோகிறார். இரவுக்குள் வண்டியைத் திருப்பித் தருவதாக வாக்களித்த பிறகே இசைந்தார்.

மார்கழி விடியலில் பதினான்கு பேர் புறப்பட்டோம். முதலில் அதியமான்கோட்டை. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஒளவைக்குத் தந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் நாடு இதுவே. இங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலின் மேற்கூரை ஓவியங்களை அர்ச்சகர் அன்போடு காட்டினார். பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பியதோ வேறொரு செய்தி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கல் ஒன்று இப்பகுதியில் கிடைத்துள்ளது. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரும், நாவற்தாவளம் என்னும் ஊருக்குக் காதம் 29 என்று தொலைவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்திலும் எண்ணிலும் வெட்டியதோடு நின்றார்களில்லை. இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் குடைந்து வைத்தார்கள். படிக்கத் தெரியாத வழிப்போக்கன் இருட்டில் விரலால் தடவியும் தொலைவை அறியலாம்! நம் காலத்துப் பெயர்ப்பலகை எழுதுவோர் இக்கல்லை ஒருமுறை தொட்டுப்பார்க்கலாம்.

பின்னர்க் கிளைச் சாலைகளில் திரும்பினோம். புளியமர நிழல்; செம்மண் கொல்லைகள்; மாந்தோப்புகள்; ஆங்காங்கே ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த நடுகல். இந்தக் கொல்லைகளுக்கு வரி வகுக்க, 1792 முதல் 1799 வரை தாமஸ் மன்றோ குதிரையில் ஊர் ஊராய் அலைந்தார். பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் அரைமணி நேரம் தங்கினோம். சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. அந்நோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறக்கூடாதென்று அன்றைய ஆட்சி தடுத்தபோது, புண்பட்ட கால்களோடு அவர் நடந்தே ஊர் ஊராய்ச் சென்றார். பாரத மாதாவுக்கு இங்கே ஓர் ஆலயம் எழுப்ப விழைந்து, 1923இல் சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் நாள், கனவு நிறைவேறாமலே இவ்வூரில் உயிர்நீத்தார். அவர் விரும்பிய நினைவாலயம் இன்று அங்கே நிற்கிறது. பிள்ளைகள் அதுவரை பேசிய அரட்டை அவ்விடத்தில் தானே அடங்கிற்று.

பென்னாகரத்தில் களியும் கீரைக் குழம்பும். அதற்கப்பால் காடு, யானை நடமாட்டமுள்ள பாதையாதலால் கூட்டமாகவே செல்ல வேண்டும், பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள் என்று நூறுமுறை சொல்லியும், இருவர் பிடித்தது பிடித்தபடியே வந்து ரப்பர் கட்டையைத் தேய்த்துவிட்டார்கள். ஒகேனக்கல்லில் காவிரியின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு, அவ்வூருக்குப் பெயர் தந்த புகை போன்ற நீர்த்துளிகள் தெரிந்தன. அந்தப் பால்காரரின் மகள்தான் எங்களில் முதலாவதாய் வந்து சேர்ந்தாள். ஏறத்தாழ 60 கி.மீ. மிதித்திருந்தோம். பரிசல் துறையருகே பாறையில் அமர்ந்து ஜெபமாலை சொன்னோம். பின் வண்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வாக்களித்தபடி இரவு ஒன்பது மணிக்குச் சைக்கிள் பால்காரர் வீட்டில் இருந்தது.

அடுத்த புதனன்று வழக்கம்போல் நான் கிராமத்துக்குச் சென்றேன். பஞ்சர் கடையருகே அந்தத் தம்பி கையை உயர்த்தினார். இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பின்சக்கரத்தை விரலால் அழுத்தினார்.

"காத்து கம்மியா இருக்குது சாமி."

பம்பை எடுத்துவந்து அடித்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. திண்ணையில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டேன். செருப்புகளை ஒதுக்கி வழிவிட்டார்.