ஜன்னலுக்கு "காற்றுக் கண்" என்று பெயர்!

"விண்டோ" என்றால் ஜன்னல். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் இது. ஆனால் இது ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அல்ல. நார்வே, டென்மார்க் பக்கத்தில் இருந்து கடல் கடந்து வந்த சொல்!

அடுப்பும் புகையும்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நார்வேயில் சாதாரண மக்களின் வீடுகளில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வீட்டின் நடுவே நெருப்பு எரியும். புகை போகவும், வெளிச்சம் வரவும் சிறு திறப்பு விடுவார்கள். அதற்கு "விண்டவுகா" என்று பெயர்.

"விண்ட்" என்றால் காற்று. "அவுகா" என்றால் கண். இரண்டும் சேர்ந்து "காற்றுக் கண்" ஆயிற்று.

9-ம் நூற்றாண்டு முதல் இந்த மக்களில் பலர் இங்கிலாந்தில் குடியேறினார்கள். அவர்களோடு சொல்லும் போயிற்று. ஜன்னலுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர் மறைந்தது. "விண்டோ" நிலைத்தது.

கண் மறைந்தது

நார்வே சுமார் 400 ஆண்டுகள் டென்மார்க்குடன் இணைந்திருந்தது. அந்த இணைப்பு 1814-ம் ஆண்டில் முடிந்தது. அதற்குள் நார்வேயில் சட்டம், சமயம், படிப்பு எல்லாம் டேனிஷ் மொழியில் என்று ஆகிவிட்டது.

டேனிஷ் மொழியில் "விண்டவுகா" தேய்ந்து "விண்டுவே" ஆகிவிட்டது. சொல்லில் காற்று இருந்தது, கண் மறைந்துவிட்டது!

ஆனால் நார்வேயின் கிராமங்களில் பழைய மொழி பேச்சில் வாழ்ந்தது. அதைப் பெரும்பாலும் எழுதவில்லை. "பட்டிக்காட்டுப் பேச்சு" என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள்.

உழவர் மகன்

அந்தப் பேச்சுக்கு மதிப்புத் தேடித் தந்தவர் ஈவார் ஓசன். 1813-ம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தவர் அல்ல. தாமாகவே மொழிகளைக் கற்றார்.

1842 முதல் 1846 வரை அவர் ஊர் ஊராகச் சென்றார். மக்கள் பேசும் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1848-ல் இலக்கணம் வெளியிட்டார். 1850-ல் அகராதி வெளியிட்டார். கிராமப் பேச்சில் இருந்து ஓர் எழுத்து மொழி பிறந்தது!

1885-ம் ஆண்டு நார்வே பாராளுமன்றம் அந்த மொழிக்குச் சம உரிமை கொடுத்தது. இன்று அதற்கு "புதிய நார்வேஜிய மொழி" என்று பெயர்.

டேனிஷ் வழி வந்த இன்னோர் எழுத்து மொழியும் அங்கே உண்டு. அதில் ஜன்னல் வெறும் "விண்டு" தான். ஆனால் உழவர் பேச்சில் பிறந்த மொழியில் "விண்டவுகே" என்று எழுதுகிறார்கள். அதில் காற்றும் இருக்கிறது. கண்ணும் இருக்கிறது!