உள்ளங்கைச் சாமான்தான், அசட்டையாக விட்டால் என்ஜினே போச்சு!

திருச்செங்கோடு,—

ஊர் ஊராகப் போய், பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்கள். வடமாநிலங்கள் வரை இவர்களுக்குப் பெயர் உண்டு. ஆனால், கோடை வந்துவிட்டால் இந்த ஊர் வண்டிகளுக்கே ரேடியேட்டர் "தண்ணி காட்டி" விடுகிறது!

சங்ககிரி ரோட்டிலும், ஈரோடு ரோட்டிலும் பானெட்டைத் தூக்கிவிட்டு, ஆவி பறக்க நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் இதற்குக் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமான்தான். அதன் பெயர் தெர்மோஸ்டாட்.

மெழுகு

இது ஒரு கதவு மாதிரி. நடுவில் சின்ன உலோகக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது கதவு மூடி இருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு 82 முதல் 90 டிகிரி செல்சியசைத் தொட்டதும் மெழுகு உருகி விரியும். கதவு திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். மெழுகை வைத்து வேலை வாங்கும் இந்த முறையை 1930-களில் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் செர்ஜியஸ் வெர்னே. இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இதே மெழுகுதான்.

கதவு மூடியபடியே சிக்கிக்கொண்டால் வந்தது வினை! கொஞ்ச தூரம் போவதற்குள் முள் சிவப்புக்கு ஏறிவிடும். என்ஜின் பக்கத்து ஓஸ் கொதிக்கும். ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கும்.

கழற்றி எறியலாமா?

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க? கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. இது தப்பு.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். பெட்ரோல், டீசல் அதிகம் குடிக்கும். சிலிண்டர் சீக்கிரம் தேயும். இன்னொரு சங்கதியும் உண்டு. பல என்ஜின்களில் தண்ணீர் சுற்ற ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்த வழியை அடைத்துவிடும். அதைக் கழற்றினால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது தெரியும் சேதி. குளிரட்டும் என்று கழற்றியதே கொதிக்க வைத்துவிடும்!

மாற்றுவது எப்படி?

சந்தேகம் இருந்தால் அடுப்படியிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைப் போட்டுச் சூடாக்குங்கள். கொதி வந்தும் திறக்கவில்லை என்றால் அது அவுட்.

புதிதாக வாங்கும்போது, பழையதில் பொறித்திருக்கும் டிகிரியே இருக்கவேண்டும். பெரிய ஸ்பிரிங் என்ஜின் பக்கம் பார்க்க மாட்டவேண்டும். ஓரத்தில் சின்ன ஓட்டை இருந்தால் அது மேலே வரவேண்டும். காற்று வெளியேற அதுதான் வழி. பழைய கேஸ்கட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதிது போடவேண்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, அளவாக முறுக்கவேண்டும். பலத்தைக் காட்டினால் அலுமினிய மூடி விரிசல் விடும். அப்புறம் அங்கேயே ஒழுகும்!

கசிவு

காலையில் வண்டியை எடுக்கும் முன் தரையைப் பாருங்கள். பச்சையாகவோ, சிவப்பாகவோ ஈரம் தெரிந்தால் ஓஸ் முனை, கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். தரை காய்ந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் மட்டும் குறைகிறதா? ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்புறம் வண்டியை எடுக்கக்கூடாது.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வெந்நீர் அண்டாவில் படியும் உப்புதான் அங்கேயும் படிந்து வழியை அடைக்கும். கூலன்ட் பனி பெய்யும் ஊருக்கு மட்டும் அல்ல. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால், அது இனிக்கும் விஷம். குழந்தைகள், நாய்கள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான் விலை சில நூறு. மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். ஹெட் வளைந்துவிட்டால் பல ஆயிரம் பழுத்துவிடும்.

மூடியைத் தொடாதே!

முள் சிவப்பைத் தொட்டால், வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடி அசைந்த மறு நொடி, குபீர் என்று முகத்தில் அடிக்கும். மேல் ஓஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். ஹெட் வெடிப்பு விடும். அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை. கண் போனால் வராது.