காப்பியும் குடியானவர் தேக நலமும்

தாமிரபரணிப் பாசன வயல்களில் காருக்கும் பிசானத்துக்கும் நடவு வேலை செய்வோருக்கு, முன்னாளில் நீராகாரமும் பழைய சோறுமே காலை ஆகாரமாயிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டணங்களிலிருந்து கிராமங்களுக்குப் பரவிய காப்பி, பல வீடுகளில் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இதனால் விளையும் நன்மை தீமைகளை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

காப்பி விஷமன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1991இல் காப்பியின்மேல் கொண்ட ஐயத்தை 2016இல் நீக்கிவிட்டது. ஆயினும், 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தைப் பருகினாலும் உணவுக் குழாய்க்குத் தீங்கு நேரலாமென்று அப்போதே எச்சரித்தது. காப்பியிலுள்ள காபீன் சோர்வுணர்ச்சியைத் தடுத்து ஊக்கமளிக்கிறது. ஆனால் அது களைப்பை மறைப்பதேயன்றி, உழைப்புக்கு வேண்டிய பலத்தைத் தருவதன்று. ஆகையால் காலை ஆகாரத்துக்கு அது ஈடாகாது.

இதனினும் முக்கியமான விஷயம் இரத்தசோகை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுடையோர். நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையிலிருப்பதால், இது குடும்பத்தோடு வேளாண்மையையும் பாதிப்பதாகும். காப்பியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அது இரத்தத்தில் சேராமல் தடுக்கின்றன. கீரை, பயறு, தானியங்களின் இரும்புச் சத்தே இத்தடைக்குப் பெரிதும் உட்படுவது. 1983இல் அமெரிக்காவில் நடத்திய பரிசோதனையொன்றில், உணவுடன் ஒரு கோப்பை காப்பி அருந்தியபோது இரும்புச் சத்து சேர்வது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகியபோதும் குறைவு அவ்வளவே இருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகப் பருகியபோதோ குறைவு ஏதுமில்லை. தேயிலையின் தடை இதனினும் மிகுதி.

எனவே கீழ்க்கண்டவற்றை அனுசரிப்பது உசிதம்:

1. விடியற்காலையில் காப்பி பருகுவோர், ஒரு மணி நேரம் சென்றபின் தவறாமல் ஆகாரம் உட்கொள்ள வேண்டும்.

2. வேலையாட்களுக்கு மதிய உணவுடனோ, உண்டவுடனோ காப்பியும் தேநீரும் கொடாமல், இரண்டு மணி நேரமாவது கழித்துக் கொடுத்தல் வேண்டும். உணவுடன் நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு சேரும்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியுடன் விழுங்கலாகாது. இதைக் கர்ப்பிணிகளுக்குக் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் வேண்டும். கர்ப்பிணிகள் காப்பியையும் மிகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

4. உடன்குடிக் கருப்பட்டியிட்ட காப்பி தீங்கற்றதென்று நீரிழிவுடையோர் எண்ணலாகாது. கருப்பட்டியும் சர்க்கரையே.

5. பொழுது சாய்ந்தபின் பருகும் காப்பி உறக்கத்தைக் கெடுக்கும். ஆதலின் அதை விலக்குக.

காப்பியை அறவே விட வேண்டுவதில்லை. சோற்றின் இடத்தை அதற்குக் கொடாமலும், சோற்றோடு அதைச் சேர்க்காமலும் இருப்பதே போதுமானது. செலவில்லாத இச்சிறு மாற்றம், உழைப்போர் உடலில் இரத்தம் பெருகத் துணைசெய்யும்.