ஒரே அச்சில் வார்த்த மரியாதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தென்கிழக்கில், அனகோஸ்டியா ஆற்றை ஒட்டியிருக்கிறது காங்கிரஸ் கல்லறைத் தோட்டம். அங்கே 150-க்கும் மேற்பட்ட மணற்கல் நினைவுச் சின்னங்கள் ஒரே வடிவில் வரிசைகட்டி நிற்கின்றன: சதுரப் பீடம், அதன்மேல் கனத்த கற்கட்டை, உச்சியில் தாழ்ந்த கூம்பு. நாடாளுமன்றக் கட்டடத்தை எழுப்பியவர்களில் ஒருவரான பெஞ்சமின் லட்ரோப் வகுத்த வடிவம் இது. அவற்றில் ஒன்று ஜார்ஜியா மாநில செனட்டர் ஜேம்ஸ் ஜாக்சனுக்கு உரியது. விடுதலைப் போரில் வாளேந்தியவர், பிறகு சட்டம் இயற்றியவர். அவருக்கென்று தனிச் சிறப்பாக ஒரு வடிவமும் தராத இந்தக் கல், குதிரைமீது அமர்த்திய வெண்கலச் சிலையைவிட நேர்மையானது. காரணம், அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1757-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்து, சிறுவயதிலேயே ஜார்ஜியா வந்தவர் ஜாக்சன். 1782 ஜூலையில் பிரிட்டிஷ் படை சவானா நகரைவிட்டு வெளியேறியபோது, நகரைப் பொறுப்பேற்றவர் இந்த 24 வயதுத் தளபதிதான். 1789-இல் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். 1795-இல் ஜார்ஜியா சட்டமன்றம் யாசூ பகுதியில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கர் நிலத்தை வெறும் 5 லட்சம் டாலருக்குச் சில நிறுவனங்களுக்கு விற்றது. ஆதரவாக வாக்களித்த பலருக்கு அந்த நிறுவனங்களில் பங்கு இருந்தது. ஜாக்சன் செனட் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பி, மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, 1796-இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்யவைத்தார். ஊழலுக்கு எதிரான நாயகன் என்று இங்கேயே கதையை முடித்துவிடலாம். ஆனால் 1780-இல் மாநிலத் துணை ஆளுநரை ஒற்றைக்கு ஒற்றைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவரும் இவரே. 1790-இல் அடிமை வணிகத்துக்கு எதிரான மனுக்கள் வந்தபோது, அடிமை முறையை ஆதரித்து அவையில் முழங்கினார். அந்தப் பேச்சைக் கிண்டல் செய்துதான் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் இறுதி நாட்களில் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். யாசூ வெற்றியும் முழுமையானதல்ல: ரத்துச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1810-இல் தீர்ப்பளித்தது. இவருக்குச் சிலை வைப்பவர் எந்த ஜாக்சனை வைப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். லட்ரோப்பின் கல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மீண்டும் செனட்டராகியிருந்த ஜாக்சன் 1806 மார்ச்சில் வாஷிங்டனில் இறந்தார். இறந்தவரின் உடலைத் தொலைதூர மாநிலத்துக்கு அனுப்புவது எளிதல்லாத காலம் அது. வேறிடத்தில் புதைக்கப்பட்ட அவர், பின்னாளில் இந்தத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். தோட்டம் தொடங்கிய 1807-ஆம் ஆண்டிலேயே இறந்த கனெக்டிகட் செனட்டர் யூரியா டிரேசிதான் இங்கு அடக்கமான முதல் உறுப்பினர். பதவியில் இருக்கும்போது இறப்பவர்களுக்கு, உடல் இங்கே இல்லாவிட்டாலும் கல் வைப்பது வழக்கமாயிற்று. அடிமை முறையை எதிர்த்த ஜான் குவின்சி ஆடம்ஸுக்கும் அதை நியாயப்படுத்திய ஜான் கால்ஹூனுக்கும் ஒரே வடிவக் கல். இருவர் உடலும் அங்கில்லை.

இதை ஏற்காதவர்கள் அன்றே இருந்தார்கள். இப்படியொரு கல்லின்கீழ் கிடக்கவேண்டும் என்ற நினைப்பு மரணத்துக்குப் புதிய பயங்கரத்தைச் சேர்க்கிறது என்று மசாச்சுசெட்ஸின் ஜார்ஜ் ஹோர் கேலி செய்தார். 1870-களில் அந்த வழக்கமும் நின்றது. அழகு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அழகைக் கூட்டினால் யாருக்கு எவ்வளவு என்ற போட்டியும் கூடவே வரும். இதைவிடக் கனமானது இன்னொரு ஆட்சேபம்: அடிமை முறையை ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் ஒரே மரியாதை என்றால், கல் வரலாற்றுக்கு வெள்ளையடிக்கிறதல்லவா? வாக்குரிமையே இல்லாத அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இவர்கள் எப்படிப் பிரதிநிதிகள் ஆவார்கள்? யாசூ நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த சாக்டா மக்களிடம் விற்பவரும் கேட்கவில்லை, விற்பனையை ரத்து செய்தவரும் கேட்கவில்லை. அந்த மக்களின் தலைவர் புஷ்மடாஹா, நிலத்துக்காகப் பேச வாஷிங்டன் வந்து 1824-இல் இறந்து, இதே தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டார்.

அந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வரிசையில் தெரியும் சமத்துவம், அவைக்குள் நுழைய முடிந்தவர்களுக்குள் மட்டும் நிலவிய சமத்துவம். எனினும் அதை நமக்குக் காட்டிக்கொடுப்பதும் அந்த வரிசைதான். தனி ஒருவரின் சிலை அவருடைய புகழை மட்டும் பேசும். ஒரே மாதிரியான கற்களின் வரிசை, ஒரு காலத்தில் நாற்காலி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியலாக நிற்கிறது. ஜாக்சனின் கல் அவர் வகித்த பதவிக்குச் சாட்சி சொல்கிறது. அவரை எடைபோடும் வேலை ஆவணங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் உரியது. மக்கள் பிரதிநிதிக்கு நினைவிடம் கேட்டு யார் வந்தாலும், அரசு இந்த எல்லையோடு நின்றுகொள்வது நல்லது.