களிமண் குழிக்குள்ளே மழைக்காடு! மண்ணைக்கூட "தயார்" செய்தார்கள்!

செயின்ட் ஆஸ்டல் (இங்கிலாந்து):-

செடி நட வேண்டும். ஆனால் மண் இல்லை. என்ன செய்வது? மண்ணையே தயார் செய்தார்கள்! பத்து கூடை, இருபது கூடை அல்ல. அடேயப்பா, 83 ஆயிரம் டன்!

சுரங்கத்தில் கழித்துப் போட்ட மணல், களிமண். அதோடு மக்கிய மரப்பட்டை. இதைக் கலந்து செய்த மண்ணில்தான் இன்று வாழை குலை தள்ளுகிறது.

இந்த அதிசயத் தோட்டத்தின் பெயர் "ஈடன் பிராஜெக்ட்". இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் இருக்கிறது.

200 அடி பள்ளம்

பீங்கான் செய்யவும், காகிதத்துக்குப் பளபளப்பு ஏற்றவும் வெள்ளைக் களிமண் வேண்டும். அதற்காக இங்கே 160 ஆண்டுகளுக்கு மேல் தோண்டினார்கள். களிமண் போயிற்று. 200 அடி ஆழக் குழிதான் மிச்சம்.

"இதற்குள் உலகத்துச் செடிகளை வளர்க்கலாம்" என்று கிளம்பினார் டிம் சுமிட். இவர் முன்பு பாட்டு இசைத்தட்டுத் தயாரிப்பில் இருந்தவர்! "ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று யாராவது கேட்டிருந்தாலும் தப்பில்லை.

1998-ல் வேலை தொடங்கியது. தொடங்கியதும் பிடித்தது பேய் மழை! 4 கோடி காலனுக்கு மேல் தண்ணீர் குழிக்குள் இறங்கியது. குழியின் அடிப்பாகமோ நிலத்தடி நீர் மட்டத்துக்கும் கீழே. பிறகு வடிகால் போட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் இன்று கழிப்பறைக்கும், காட்டுக்குள் ஈரம் காக்கவும் உதவுகிறது.

சோப்பு நுரை கொடுத்த யோசனை

கட்டிடக்கலை நிபுணர் நிக்கோலஸ் கிரிம்ஷா குழுவினருக்கு இன்னொரு தலைவலி. அவர்கள் வரைபடம் போடும்போதும் குழியில் களிமண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று மேடு, நாளை பள்ளம்! எதை அளப்பது?

சோப்பு நுரை கை கொடுத்தது. நுரைக் குமிழி எந்த மேடு பள்ளத்திலும் ஒட்டி உட்காரும் அல்லவா? அதே மாதிரி குமிழிக் கூடாரங்கள் எழுந்தன. மேலே கண்ணாடி கிடையாது. மூன்று அடுக்கு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே காற்று அடைத்த தலையணைகள்! அதே அளவு கண்ணாடியின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பெரிய கூடாரம் 180 அடி உயரம், 787 அடி நீளம். வெளியே குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர்கள், உள்ளே போனதும் வேர்த்துப்போய்க் கழற்றுகிறார்கள். காப்பி, கோகோ, ரப்பர், மூங்கில் எல்லாம் அங்கே உண்டு. பக்கத்துச் சின்னக் கூடாரத்தில் ஆலிவும் திராட்சையும்.

2001 மார்ச் 17-ந் தேதி திறப்பு விழா. அதற்கு முன்பே, கட்டுகிற வேலையை வேடிக்கை பார்க்க மட்டும் சுமார் 5 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்!

மழை விட்டதா? இல்லை. 2020 டிசம்பரில் கொட்டிய மழையில் மண் சரிந்து, தோட்டத்தை மூடவேண்டி வந்தது.

வெப்பச் செடிகளுக்குச் சூடு வேண்டுமே, அதற்குச் செலவு? அதற்கும் குழிதான்! 2021-ல் மறுபடி தோண்டினார்கள். இந்த முறை 5 கிலோ மீட்டருக்கு மேல் நீளமான துளை. பாறைக்குள் இருக்கும் சூடு 2023 முதல் மேலே வந்து செடிகளுக்குக் கதகதப்பு கொடுக்கிறது.