என்ஜினுக்குப் பத்திரிகை வெச்சாங்க!

ஒரு கல்யாணப் பத்திரிகை என்னைத் திண்டிவனம் - மரக்காணம் ரோட்டில் கொல்லப் பார்த்தது. நிஜம் சார். பெண் வீட்டார் மேல் தப்பில்லை, மாப்பிள்ளை வீட்டார் மேலும் இல்லை. சொல்கிறேன்.

பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரம். என் ஆர்.எக்ஸ். 100 அன்றைக்கு ஏனோ ஏக உற்சாகம். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே வந்தது. 'பரவாயில்லையே, போன மாசம் ஹாஃப் என்ஜின் வேலை பார்த்தது வீண் போகல' என்று பூரித்துப் போனேன். ரெண்டே கிலோமீட்டர். 'கீ...ச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வந்த ஜல்லி லாரி ஒரு ஹாரனும் ஒரு கெட்ட வார்த்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனது.

பெருமுக்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் பிடித்த கோட்டை அந்த மலையில்தான் இருந்தது. பீரங்கி தள்ளியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ரோட்டோர மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். பிளாக்கைத் தூக்கினார். அடியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, என்ஜினுக்குப் பத்திரிகை வெச்சிக்கிறாங்க?"

எண்ணெய்க் கறையைத் தாண்டி 'சுற்றமும் நட்பும்' என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஞாபகம் வந்துவிட்டது. போன மாசம் வேலை பார்த்தவர், பேக்கிங் கிழிந்து போனதும் மேஜை மேல் கிடந்த பத்திரிகையை எடுத்து, பிளாக் வாயில் வைத்து, சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி ரெண்டு நிமிஷத்தில் பேக்கிங் தயார் பண்ணினார். 'என்னா கைவேலை!' என்று வியந்து டீ வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

கேஸ்கெட் என்று புத்தகம் சொல்வதைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் பேக்கிங் என்கிறார்கள். இரண்டு உலோகப் பரப்பை எவ்வளவு இழைத்தாலும் நடுவில் சந்து இருக்கும். அதை அடைப்பது அதன் வேலை. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற அறையும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கார்புரேட்டர் வழியாகக் கலவையை உறிஞ்சும். பிளாக் பேக்கிங்கில் ஓட்டை இருந்தால் அது வழியாக வெறும் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் இரும்பு ஸ்லீவைவிட அதிகமாக விரியும். விரிந்து, கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதுதான் சீஸ். 'உற்சாகமாகப் பாடுது' என்று நான் ரசித்தேனே, அது என்ஜின் போட்ட கூச்சல். பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் காபிப்பொடி நிறத்துக்குப் பதில் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது தெரிந்திருக்கும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் செத்ததே, அதற்கும் காரணம் ராக்கெட்டின் ஒரு மூட்டில் இருந்த ரப்பர் வளையம். குளிரில் விறைத்து, சந்தை அடைக்கவில்லை. அதுவும் பேக்கிங் ஜாதிதான்.

"அப்போ கெட்டியா ஒண்ணு போட்டுடலாமாண்ணே?" என்றேன்.

"கெட்டியா போட்டா அது வேற வியாதி தம்பி."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டிக்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., மொத்தம் 98 சி.சி. பேக்கிங் அரை மில்லிமீட்டர் கூடினால் மேலே சுமார் ஒரு சி.சி. இடம் கூடிவிடும். ஒரு சி.சி. என்ன பெரிசு என்றால், கலவை அமுங்குகிற அறையே பத்து சி.சி. சொச்சம்தான்! கம்ப்ரஷன் போச்சு. பிளாக் உயர்வதால் சைலன்சர் வாசல் திறக்கிற நேரமும் மாறும். பிக்கப்புக்காக ஹெட் பேக்கிங்கையே எடுத்துவிட்டு ஓட்டுகிற சில வீரர்கள் இருக்கிறார்கள். பிஸ்டன் ஹெட்டில் முட்டாமல் இருக்க அவர்கள் குலதெய்வம்தான் காப்பாற்ற வேண்டும். இடைவெளி சரியா என்று பார்க்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ரேடியோ ரிப்பேர்க்காரரின் ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் ஓரம் வரை விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். நசுங்கிய கனம்தான் இடைவெளி.

ஸ்லீவில் கோடு விழுந்திருந்தது. திண்டிவனம் லேத்தில் போர் பண்ணி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால் பேக்கிங் செட்டுக்கு சென்னை ஜி.பி. ரோட்டில் அலைந்தேன். விலை, போர் பண்ணின கூலியில் ஒரு துண்டு. வயிறு எரிந்தது.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். பழைய பேக்கிங் துணுக்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார். காய்ந்தபடி சுரண்டி ஊதக் கூடாது. அந்தக் காலத்துப் பேக்கிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடித் தகடு மேல் எமரி பேப்பர் விரித்து ஹெட்டைத் தேய்த்து மட்டம் பார்த்தார். புதுப் பேக்கிங்கை பிளாக் மேல் வைத்து, கலவை போகிற வாசல் எதையும் அது மறைக்கவில்லையே என்று பார்த்தார். 'சிலிக்கான் பசை தடவலையாண்ணே?' என்று கேட்டதற்கு முறைத்தார். பெட்ரோல் பட்டால் அது ஊதி, பிய்ந்து உள்ளே போய்விடுமாம். ஹெட் நட்டு நாலையும் குறுக்கு மறுக்காக, ஒரே மூச்சில் இல்லாமல் மூணு தவணையாக முறுக்கினார். ஸ்டார்ட் பண்ணி, பிளாக் அடியில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். நுரை கிளம்பவில்லை. ஓடுகிற சத்தமும் மாறவில்லை.

"மெதுவா ஊருக்குப் போயி, ஆறின பின்னாடி நட்டை ஒரு வாட்டி பாத்துக்க."

காலையில் பார்த்தேன். ரெண்டு நட்டு கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. அந்தப் பத்திரிகைத் துண்டு என் டூல் பாக்ஸில் இருக்கிறது. முகூர்த்த நேரம் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை பெயர் மட்டும் கருகிவிட்டது.