தெரு தோண்டும் காலம்

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும், மும்பையில் நம்மவர் மிகுதியாக வாழும் மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் தெருக்கள் தோண்டப்படுவதை அன்பர்கள் ஆண்டுதோறும் கண்டு வருகின்றனர். "நேற்றுத்தானே போட்டார்கள், இன்று ஏன் பெயர்க்கிறார்கள்?" என்று கேளாத குடும்பம் இல்லை. அக்கேள்வியில் நியாயம் உண்டு; முழு நியாயமும் உண்டு என்று சொல்வதற்கில்லை.

மாநகராட்சியின் பொறுப்பில் ஏறக்குறைய 2,050 கிலோமீட்டர் சாலைகள் உள்ளன. தார்ச்சாலைக்குப் பகை வண்டிகளின் சுமை என்றே நாம் எண்ணுகிறோம். அதனினும் கொடிய பகை நீர். தேய்ந்த தளத்தில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு விழுகிறது. அதன் வழியே இறங்கும் மழைநீர், தாருக்கும் கருங்கல் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. சக்கரம் ஏறுந்தோறும் அந்நீர் அழுத்துண்டு ஜல்லியைப் பெயர்க்கிறது. சாதாரணத் தார்க்கலவை ஈரத்தில் ஒட்டாது. ஆகையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பள்ளம் அடைப்பதே பெரும்பாலும் வேலை. அதற்கு நீர் புகாத மாஸ்டிக் கலவையைக் கொதிக்கக் கொதிக்கக் கொணர்ந்து பரப்புவர்.

தளத்தைப் புதுப்பிக்கும்போது பழையதை இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பின்னரே புதியதை இடவேண்டும். இதை அற்பமென்று எண்ணலாகாது. முன்பு வேறொரு நகரில் நாம் குடியிருந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி ஏறவேண்டும். சுரண்டாமலே மேன்மேலும் தார் இட்டுவந்தனர். சில ஆண்டுகளில் ஏறுவதற்குப் படியே இல்லை. பின்னர் ஒரு படி இறங்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் முதல் மழையில் சமையலறையிலிருந்த அரிசி மூட்டை நனைந்தது. புதுச்சாலை வந்ததென்று மகிழ்ந்தவர்களில் நாமும் இருந்தோம்!

2023 ஜனவரியில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையைச் சிமெண்டுக் கான்கிரீட்டாக மாற்றும் பெருந்திட்டம் மும்பையில் தொடங்கப்பட்டது. கான்கிரீட் நெடுநாள் உழைக்கும். ஆனால் அவசரத்துக்கு இணங்காது. இட்டபின் ஈரச்சாக்கு போர்த்தி நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். முழு வலிமை எய்த 28 நாள் எனக் கணக்கிடுவர். குடிநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு முன்னரே ஓரத்தில் வழி அமைத்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் பின்னர்ப் பாளத்தையே அறுக்க நேரும். மாதுங்காவின் நிழல்மரங்களுக்கும் அடியில் மண் விட்டுவைக்க வேண்டும். வேரை மூச்சடைக்கச் செய்து பெற்ற சாலை நமக்கு வேண்டாம்.

குறித்த ஆண்டுகளுக்குள் சாலை பழுதுபட்டால் ஒப்பந்தக்காரரே தம் செலவில் சீர்செய்யக் கடமைப்பட்டவர். பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமுற்றோருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் இழப்பீடு தர 2025 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இரவில் வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும் மக்களை எதிர்நோக்கி விழித்திருக்கும் தாய்மார் இதை அறிந்திருத்தல் நலம்.

பள்ளத்தைக் கண்டால் 1916 என்ற எண்ணுக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதுங்காவும் சயானும் எஃப் வடக்கு வட்டம். தாராவி ஜி வடக்கு. செம்பூர் எம் மேற்கு.